கண்ணாடி கழற்றிய வண்டி

நம் அக்காள் மகன், களுத்துறைக்கு அருகேயுள்ள கட்டுக்குருந்தப் பந்தயப் பாதையில் முதன்முறையாக மோட்டார் சைக்கிள் ஓட்டப் போகிறான். இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம் அது. வவுனியாவில் எம் முற்றத்திலே ஆயத்தம் நடக்கிறது. பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டான். வண்டி விழுந்தால் நொறுங்கிப் பாதையிற் சிதறாதிருக்க விளக்குகளுக்கு ரேப் ஒட்டினான். வீதியிற் குற்றமானது அங்கே ஒழுங்கு! பின்னால் வருபவன்தான் பார்த்து முந்த வேண்டுமாம். ரயர், பிரேக், செயின் எல்லாம் பார்த்தாயிற்று. இரவல் வாங்கிய தோலங்கி தளர்வாயிருந்தது. சறுக்கும்போது மேலேறி உடலைக் காவாது என்று திருப்பியனுப்பினோம். அக்காளுக்கோ அச்சம்.

“ஏ-9 வீதியில் இரவில் மாடுகள் படுத்திருக்கும். அங்கே எதிரே வண்டியே வராது” என்றோம்.

“விழமாட்டான் என்று நீ சொல்லவில்லையே, தம்பி!”

தலைக்கவசத்தின் வாரை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தோம்.