அப்புச்சி நோட்டில் இருந்த கமா

போன தடவை சுவரிதழில் முக்கால்வாசிப் பேர் சுற்றுலா போனதைத்தான் எழுதியிருந்தீங்க. நான் எங்கேயும் போகவில்லை. மூணு மாசமா எங்க அப்புச்சியோட பழைய நோட்டு ஒண்ணைக் கட்டிக்கிட்டு அழுதேன். அதைத்தான் எழுதறேன். இதில் நான் செஞ்ச ஒரு தப்பும் வரும்.

அப்புச்சி நூல் மில்லில் வேலை பார்த்து ரிட்டயர்டு ஆனவர். மார்கழி மாசம் விடியறதுக்கு முன்னாலேயே பெருமாள் கோயில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கப் போயிடுவார். குருடிமலைப் பக்கமிருந்து வர்ற பனியில மப்ளரைச் சுத்திக்கிட்டு அவர் நடந்து போறதை நான் ஜன்னல் வழியா பார்த்திருக்கேன். இப்போ ரெண்டு வருஷமா கை நடுங்குது. ஒரு கட்டையை அமுக்கினா பக்கத்துக் கட்டையும் சேர்ந்து சத்தம் போடுது. அதனால ஆர்மோனியத்துக்குத் துணி போட்டு மூடி வெச்சுட்டார். ஆனா நோட்டை மட்டும் அடிக்கடி எடுத்துப் பார்ப்பார். அவர் இளவட்டமா இருந்தப்போ ஒரு வாத்தியார்கிட்ட கத்துக்கிட்ட சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் அதில் இருக்குது. மை மங்கிப் போச்சு. ஓரமெல்லாம் கரப்பான் அரிச்சிருக்குது.

இதை கம்ப்யூட்டரில் ஏத்தி வெச்சா அழியாதேன்னு எனக்குத் தோணுச்சு. பெரியம்மா பையன், எனக்கு அண்ணன், பாலிடெக்னிக்கில் படிக்கறார். அவர்கிட்ட ஒரு பழைய லேப்டாப் இருக்குது. அவர்தான் லிலிபாண்டு என்ற மென்பொருளைக் காட்டினார். நெதர்லாந்து நாட்டுக்காரங்க ரெண்டு பேர் 1996இல் ஆரம்பிச்சது. காசு கிடையாது. இதில் மவுஸை வெச்சுப் படம் வரையற மாதிரி இசைக்குறிப்பு போட வேண்டியதில்லை. கடிதம் எழுதற மாதிரி எழுத்தாவே அடிக்கணும். அது அஞ்சு கோடு போட்ட மேல்நாட்டு இசைத்தாளா மாத்தித் தரும். கேட்டா வாசிச்சும் காட்டும்.

முதல் நாள் நான் சரிகம-வை இங்கிலீஷ் எழுத்தில் எஸ், ஆர், ஜி, எம் என்று அடிச்சேன். என்ன ஆச்சு தெரியுமா? எஸ், ஆர் ரெண்டுமே லிலிபாண்டுக்கு மௌனமாம்! எஸ் என்றால் இடத்தை விட்டுத் தாண்டு, ஆர் என்றால் சும்மா இரு. ஜி என்றதை அது நம்ம ‘ப’ என்று வாசிச்சது. எம் என்றால் என்னன்னே தெரியாதுன்னு பிழை காட்டிடுச்சு. அண்ணன் சிரிச்சு உருண்டார்.

அப்புறம்தான் ஸ்கிரிப்ட் எழுதலாம்னு ஆச்சு. ஸ்கிரிப்ட் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதித் தர்ற வேலைச் சீட்டு மாதிரி. லிலிபாண்டுக்கு உள்ளேயே ஸ்கீம் என்று ஒரு மொழி இருக்குது. 1975இல் அமெரிக்காவில் உருவானது. அண்ணன் முதலில் அதில்தான் ஆரம்பிச்சார். அடைப்புக்குறிக்குள்ள அடைப்புக்குறி, அதுக்குள்ள இன்னொண்ணு. கடைசியில் ஒண்ணை மூட மறந்தாலும் வேலை நடக்காது. ரெண்டு நாள் அடைப்புக்குறி எண்ணியே கண்ணு பூத்துப் போச்சு. பைத்தானுக்கு மாறிட்டோம். நான் அடிக்கற சரிகமவை பைத்தான் ஸ்கிரிப்ட் படிச்சு, லிலிபாண்டுக்குப் புரியற எழுத்தா மாத்திக் கொடுக்கும்.

அலங்காரத்துக்கு இது ரொம்ப வசதி. துருவ தாளத்தை எடுத்துக்குங்க. ச-வை 1, ரி-யை 2 என்று வெச்சுக்கிட்டா முதல் வரி 1 2 3 4, 3 2, 1 2 3 2, 1 2 3 4. நாலும் ரெண்டும் நாலும் நாலும் பதினாலு அட்சரம். ஒவ்வொரு எண்ணோடும் ஒண்ணு கூட்டினா அடுத்த வரி வந்துடும். ஏறும்போது அஞ்சு வரி, இறங்கும்போது அஞ்சு வரி, மொத்தம் 140 சுரம். நான் அடிச்சது 14தான். மீதி 126ஐ ஸ்கிரிப்ட் போட்டுக் கொடுத்துச்சு. அதை நோட்டோட ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்துகூட மாறலை! கணக்கு டீச்சர் இதைப் படிச்சா சந்தோஷப்படுவாங்க.

லிலிபாண்டில் இன்னொரு வசதி. வரி முடியற இடத்தில் ஒரு நேர்கோடு போட்டா, தாளக் கணக்கு அங்கே சரியா முடியுதான்னு சோதிக்கும். முடியலைன்னா எச்சரிக்கை கொடுக்கும். துருவம், மட்டியம், ரூபகம் மூணும் பாஸ். நாலாவது ஜம்பை தாளம். ஏழும் ஒண்ணும் ரெண்டும் பத்து அட்சரம் வரணும். ஒன்பதுதான் வந்துச்சு. ஒரு வரி இல்ல, பத்து வரியும் அப்படியே. திரிபுடை சரியா வந்துச்சு. அட தாளம் இன்னும் மோசம். பதினாலு வர வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்துச்சு.

அப்போ மாட்டுப்பொங்கல். மாமா, பெரியம்மா எல்லாரும் வீட்டுக்கு வந்திருந்தாங்க. நான் பெரிய விஞ்ஞானி மாதிரி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்து, “அப்புச்சி நோட்டுல ரெண்டு தாளம் தப்பா இருக்குதுங்க, கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு”ன்னேன். மாமா சிரிச்சுக்கிட்டே, “அத்தன வருசம் தப்பாத்தான் வாசிச்சிருக்காரு போல”ன்னார். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அப்புச்சி ஒண்ணும் சொல்லலை. நோட்டை மூடி மரப்பெட்டிக்குள்ள வெச்சுட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அப்புறம் ஒரு வாரம் அந்தப் பெட்டி திறக்கவே இல்லை. அம்மா என்னைத் திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும். அவங்களும் திட்டலை.

ஒரு நாள் பொழுதோட திண்ணையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இருந்தேன். மேட்டுப்பாளையம் ரயில் போன சத்தம் அடங்கின பிறகு உள்ளே அப்புச்சி மெல்லப் பாடறது கேட்டுச்சு. தொடையில் தட்டித் தாளம் போட்டுக்கிட்டு இருந்தார். நடுங்கற கைதான், ஆனா தட்டு தவறலை. எனக்கே தெரியாம என் விரல் எண்ண ஆரம்பிச்சுடுச்சு. பத்து. அடுத்த வரி, பத்து. ஒவ்வொரு வரிக்கும் கடைசிச் சுரத்தை மட்டும் ரெண்டு தட்டுக்கு இழுத்து நிறுத்தினார்.

நோட்டை நான் ஏற்கெனவே போனில் படம் எடுத்து வெச்சிருந்தேன். ஓடிப்போய் எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தேன். ஜம்பையில் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் ஒரு கமா. அட தாளத்தில் ஒரே வரியில் ஆறு கமா. எட்டும் ஆறும் பதினாலு! தமிழ் வாக்கியத்தில் வர்ற கமா மாதிரின்னு நினைச்சு, “எழுத்தைத் தவிர மத்ததை எல்லாம் தள்ளிடு”ன்னு ஸ்கிரிப்டில் எழுதச் சொன்னதே நான்தான்.

உள்ளே போனேன். “ஏனுங்க அப்புச்சி, இந்தக் கமாவுக்கு என்னங்க அர்த்தம்?”

“அது கமா இல்ல கண்ணு. கார்வை. முன்னாடி வந்த சுரத்த உடாம, இன்னொரு அட்சரம் அங்கயே நிக்கோணும். மேல புள்ளி வெச்சு கீழ கமா போட்டிருந்தா ரெண்டு அட்சரம்.”

“நான் தெரியாம எல்லார்த்துக்கு முன்னாடியும் சொல்லிப்போட்டனுங்க.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பனே அம்மிணி”ன்னார். அவ்வளவுதான். பெட்டியைத் திறந்து நோட்டை எடுத்து என் மடியில் வெச்சார். எனக்கு அழுகை வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டேன். கமா வந்தா முன்னாடி இருக்கற சுரத்தோட நீளத்தில் ஒரு அட்சரம் கூட்டு. ஸ்கிரிப்டில் சேர்க்க வேண்டியது இந்த ஒரு வரிதான். எச்சரிக்கை எல்லாம் போயிடுச்சு. மாமாவுக்கும் போன் பண்ணித் தப்பு என்னுதுதான்னு சொல்லிட்டேன்.

இதைச் சொன்னப்போ அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். எட்டயபுரத்தில் 1904இல் சுப்பராம தீட்சிதர் அச்சிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற பெரிய புத்தகத்தில், சுரத்தை எப்படி அசைக்கணும் என்பதற்குக்கூடத் தனித்தனிக் குறி இருக்குதாம். அந்தக் குறிகளை எல்லாம் தள்ளிடச் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே பயமா இருக்குது.

இப்போ அஞ்சு கோட்டுக்குக் கீழேயே தமிழில் ச, ரி, க என்று வர்ற மாதிரி செஞ்சிருக்கோம். அப்புச்சிக்கு கோடு படிக்கத் தெரியாது, எழுத்து தெரியும். லிலிபாண்டு தமிழ் எழுத்தை ஏத்துக்குது. அலங்காரம் எல்லாம் மாயாமாளவகௌளை ராகம், 15ஆவது மேளகர்த்தா. ரி-க-வுக்கு 6 விதம், ம-வுக்கு 2, த-நி-க்கு 6. பெருக்கினா 72 மேளகர்த்தா ராகம். அதையும் ஸ்கிரிப்டில் கொடுத்து, ஜம்பை வரியை 72 ராகத்திலும் வாசிக்க வெச்சோம். அப்புச்சி இருபது வரைக்கும் கேட்டார். பிறகு, “தாளம் கெடல. ஆனா இது எங்கியுமே மூச்சு வாங்க மாட்டேங்குது”ன்னு சொல்லிட்டுத் தூங்கப் போயிட்டார்.

ஜம்பை வரியை பிரிண்ட் எடுத்து இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கேன். தட்டிப் பாருங்க, பத்து வரும். அட தாளம் இன்னும் முடியலை. நோட்டில் எட்டாவது வரியில் கரப்பான் அரிச்ச ஓட்டை ஒண்ணு. அங்கே என்ன சுரம்னு ஸ்கிரிப்ட் சொல்லிடுச்சு. இன்னிக்கு சாயந்திரம் அப்புச்சிகிட்ட ஒருக்கா பாடச் சொல்லிக் கேட்டுட்டு அப்புறம் எழுதணும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி