சுழற்சியைச் சொல்ல வந்த சொல்

சொற்கள் சில மக்கள் நாவிற் பிறந்து அறிஞர் ஏட்டை அடைகின்றன. வேறு சில ஏட்டிற் பிறந்து மக்கள் நாவிற் பொருள் மாறுகின்றன. 'சைக்கிளோன்' என்னும் ஆங்கிலச் சொல் இரண்டாம் வகையைச் சார்ந்தது.

அதனை ஆக்கியவர் கல்கத்தாவில் வாழ்ந்த ஹென்றி பிடிங்டன். கப்பற் பணியிலிருந்து விலகியபின், மாலுமிகளின் நாட்குறிப்புகளைக் கொண்டு வங்காள விரிகுடாப் புயல்களை அவர் ஆராய்ந்தார். பெரும் புயலிற் காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை; ஒரு மையத்தைச் சுற்றியே வருகின்றது. இவ்வுண்மையை மாலுமிகளுக்கு உணர்த்த, 1848இல் வெளியிட்ட நூலில், வட்டத்தையும் பாம்பின் சுருளையும் நினைவூட்டும் கிரேக்கச் சொல்லினின்று அவர் இப்பெயரை அமைத்தார். காற்றின் வலிமையை அது குறிக்கவில்லை. சுழற்சியை மட்டுமே குறித்தது.

அதன் பயன் பெரிது. வடவரைக் கோளத்திற் காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்பவனுக்குப் புயலின் மையம் இடப்புறமாக இருக்கும். இதனை அறிந்த மாலுமி மையத்தைத் தவிர்த்துக் கப்பலைச் செலுத்தலாம்.

வானிலையாளர் இப்பொருளை இன்றும் பேணுகின்றனர். தாழமுக்கத்தைச் சுற்றிவரும் காற்றுத் தொகுதி சாதாரண மழையைத் தருவதாயினும் அவர்களுக்குச் சைக்கிளோனே. பொதுமக்களுக்கோ அச்சொல் அழிவின் பெயராயிற்று. பிராங் போம் 1900இல் எழுதிய சிறுவர் நாவலில் டொரதியை வீட்டோடு தூக்கிச் செல்வதும் சைக்கிளோன் என்றே பெயர் பெறுகின்றது. ஆனால், ஆங்கு வருணிக்கப்படுவது ரொர்னாடோ.

தமிழிலுள்ள 'சூறாவளி' ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. 'சூறை' என்பதற்குச் சுழல்காற்று, கொள்ளை என இருபொருளும் உண்டு. 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கூரையையும் தென்னையையும் உறவினரையும் இழந்த மட்டக்களப்பு மக்களின் நினைவிற் கொள்ளை என்னும் பொருளே மேலோங்கியிருப்பின் அது வியப்பன்று.

எனினும், சுழற்சி என்னும் பொருளை மறத்தல் உயிருக்கே ஆபத்தாகலாம். புயலின் கண் ஓரூரைக் கடக்கும்போது காற்று திடீரென அடங்குகின்றது. சிலவேளை வானமும் வெளிக்கின்றது. சூறாவளியை வெறும் பெருங்காற்றென எண்ணுபவன் அது ஓய்ந்துவிட்டதென வெளியே வருகின்றான். சற்றுநேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அறைகின்றது. சுழற்சியை அறிந்தவனோ வட்டத்தின் மறுபாதி இன்னும் வரவில்லை என்று கதவை மூடிக் காத்திருப்பான்.

கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் துறைமுகம் அமைக்க எண்ணியபோது, புயலும் கடற்பெருக்கும் அதனை அழிக்குமெனப் பிடிங்டன் 1853இல் ஆள்பதி டல்ஹௌசிக்கு எழுதினார். ஆயினும் துறைமுகம் எழுந்தது. அவர் இறந்து ஒன்பது ஆண்டுகளின்பின், 1867இல், புயல் அதனைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது. பிடிங்டன் தந்த சொல்லை உலகம் விரைந்து ஏற்றது. அச்சொல்லுள் அவர் வைத்த அறிவைக் கற்பது, கரையோரத்தில் வாழும் ஒவ்வொரு தலைமுறைக்கும் உரிய கடமையாகும்.