ரம்ப மேஜையின் வாய்

வெறும் சேஸியாக வந்து சேரும் லாரிக்கு மரத்தாலும் இரும்பாலும் பாடி கட்டி அனுப்பும் நாமக்கல் பட்டறைகளின் கீர்த்தி தேசமெங்கும் பரவியிருக்க, அங்கே நாள் முழுதும் சுழலும் வட்ட ரம்பங்களைப் பற்றியும், அவற்றின் மேஜையில் ரம்பம் எழும்பி வரும் வாயை மூடியிருக்கும் சிறு தகட்டைப் பற்றியும் நம்மவர் எழுதியது சொற்பமே.

பழைய யந்திரத்தின் தகடு உடைந்துபோனால் மாற்று அகப்படுவது துர்லபம். நான் காணச் சென்ற பட்டறையிலே அவ்விடத்தில் ஒரு பிளைவுட் துண்டைச் செருகியிருந்தார்கள். ரம்பத்தின் இருபுறமும் விரல் நுழையும் சந்து. மெல்லிய சட்டம் அறுக்கையில் சிம்பு அச்சந்தில் விழுந்து, பல்லில் சிக்கி, அறுப்பவரை நோக்கியே சீறி வரும்; அடியில் தாங்குவதற்கு ஏதும் இல்லாமையால் மரத்தின் கீழ்ப்புறமும் நார் நாராகப் பிய்ந்துபோகும்.

மேஜையின் வாய்மீது காகிதத்தை விரித்துப் பென்சிலால் தேய்த்து விளிம்பைப் படியெடுத்துக்கொண்டு, பட்டறையின் மூத்த ஆசாரி சேலத்தில் லேசர் கட்டிங் செய்யும் இளைஞரிடம் புறப்பட்டபோது நானும் உடன் சென்றேன்.

“அரை நூல் தளர்வா இருந்தாலும் தகடு ஆடும், தம்பி.”

“அரை நூலுங்களா? அதுல பத்துல ஒரு பங்கே இந்த மெஷினுக்குப் பெருசுங்க ஐயா.”

அவர் சொன்னது மிகையன்று. மகாராஷ்டிரத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1964-ல் உருவாக்கிய கார்பன் டை ஆக்ஸைடு லேசரே அவ்யந்திரத்தின் உயிர். கண்ணுக்குப் புலனாகாத அக்கதிர் 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் பலகையை ஆவியாக்கிச் செல்லும் தடம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டரே. அதிலும் பாதியைக் கணக்கிட்டுக் கோட்டை வெளியே தள்ளி வரைந்த இளைஞர், முதலில் அட்டையில் வெட்டி, ஆசாரி கொண்டுவந்த படியோடு பொருத்திப் பார்த்த பிறகே அக்ரிலிக்கைத் தொட்டார். பி.வி.சி. பலகையை மட்டும் எவர் கொணர்ந்தாலும் ஏற்பதில்லையாம். சூடேறினால் அதினின்று கிளம்பும் அமில வாயு நுரையீரலையும் யந்திரத்தையும் ஒருங்கே அரிக்கும்.

அறுபட்ட மரம் மீண்டும் நெருங்காதபடி ரம்பத்தின் பின்னே நிற்கும் பிரிதகட்டுக்கு லேசரே வழி வெட்டியிருந்தது. ரம்பத்துக்குரிய பிளவையோ ஆசாரி வெட்டவிடவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும் நான்கு மூலைத் திருகுகளைக் கால் சுற்று, அரைக்கால் சுற்றாகத் திருப்பி, குறுக்கே வைத்த இரும்பு ஸ்கேலின் அடியில் வெளிச்சம் தெரியாதவரை மட்டம் பார்த்தார். ரம்பத்தை முற்றும் கீழே இறக்கி, தகட்டின்மேல் ஒரு கனத்த கட்டையைக் கிளாம்பு போட்டு இறுக்கி, மோட்டாரை ஓடவிட்டு, கைச்சக்கரத்தால் ரம்பத்தை மெல்ல மெல்ல உயர்த்தினார். தன் பல்லின் பருமனுக்கு ரம்பமே தனக்கு வழி அறுத்துக்கொண்டது. எவ்வளவு நுட்பமான யந்திரம் வந்தாலும், எதை அதனிடம் விடலாகாது என்று தெரிந்த இந்த அநுபவத்தையே நான் தொழில் என்று மதிக்கிறேன். பிறகு அறுத்த தேக்குச் சட்டத்தின் கீழ் விளிம்பில் ஒரு நார்கூட எழும்பவில்லை.

பட்டறை உரிமையாளர்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே: பிளேடின் பருமனுக்கு ஒன்றாக இத்தகைய தகடுகளை உதிரியாக வைத்துக்கொள்ளுங்கள், வாய் திறந்து கிடக்கும் மேஜையில் ஒரு தொழிலாளியையும் மரம் தள்ள விடாதீர்கள்.