கொசுவை அறிந்தவரின் வாயில்

கல்கத்தா சென்று திரும்பிய நம்மை, காளி கோயிலைக் கண்டீர்களா என்றே பலரும் வினவினர். நாம் காணச் சென்றது வேறொரு வாயில். முன்னர் பிரசிடென்சி பொது மருத்துவமனை என வழங்கி, இன்று சேட் சுக்லால் கர்னானி பெயரால் விளங்கும் மருத்துவமனையின் மதிலில், சர் ரொனால்ட் ராஸ் நினைவாக எழுந்த வாயில் அது. 1927 ஜனவரி 7-இல் வங்காள கவர்னர் லிட்டன் பிரபு, ராஸ் முன்னிலையிலேயே அதனைத் திறந்து வைத்தார். தம் நினைவுச் சின்னத்தைத் தாமே காணும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்!

அவ்விடத்துக்கு 70 கெஜத் தொலைவிலிருந்த சிறிய ஆய்வுக்கூடத்தில், மலேரியாவைக் கொசு பரப்பும் விதத்தை 1898-இல் அவர் கண்டறிந்தார் என்கிறது கல்வெட்டு. நோயுற்ற பறவையின் குருதியைக் குடித்த கொசுவின் வயிற்றில் வளரும் கிருமி, அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடிக்கும்போது வேறு பறவைக்குள் புகுவதை அவர் அங்கே கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார்.

மலாயாத் தோட்டங்களில் அந்நாளில் குளிர்காய்ச்சல் கண்டவனுக்குப் பேய் பிடித்ததென்று உடுக்கையடித்தோரும் உண்டு. நம்மவரை மட்டும் பழிப்பானேன்? கெட்ட காற்றே காரணம் என மேனாட்டாரும் நம்பினர். மலேரியா என்ற இத்தாலியச் சொல்லின் பொருளே அதுதான். ராஸின் உண்மையைக் கைக்கொண்டு, டாக்டர் மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறையிலும் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் தணிந்தது. பின்னர் தோட்டங்களிலும் வாய்க்கால்கள் வெட்டப்பட்டன. மண்வெட்டி பிடித்தவர் நம்மவர். நமது பாட்டனாரின் தந்தையார் அதற்கு முன்பே இக்காய்ச்சலில் மாண்டார். ரப்பர் மரங்களுக்கிடையே அவரைப் புதைத்த இடம் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வாயிலில் ராஸின் உருவம் உண்டு. அவர் இயற்றிய கவிதையும் உண்டு. நாம் தேடியது மற்றொரு பெயர். கல்கத்தாவுக்கு வருமுன், 1897 ஆகஸ்ட் 20-இல் செகந்தராபாத்தில், கொசுவின் வயிற்றில் மனித மலேரியாக் கிருமியை ராஸ் முதன்முதல் கண்டாரன்றோ? அக்கொசுக்கள் குடித்தது உசேன் கான் என்னும் நோயாளியின் குருதியை. கொசு ஒன்றுக்கு ஓரணா வீதம் கூலி பெற்றுக்கொண்டு, காய்ச்சலோடு படுத்திருந்து கடி ஏற்றவர் அவர்.

கல்லில் அப்பெயர் இல்லை. உசேன் கான் என்று வாய்விட்டு ஒருமுறை சொன்னோம். அருகே நின்றவர் திரும்பிப் பார்த்தார். யாரையோ அழைக்கிறோம் என்று எண்ணினார் போலும்.