உடும்பு வால்

ஓடுகிற சக்கரத்துக்கு ஆரம் போட்டால் வண்டி நின்றுவிடும் என்பார் மாமா. காஞ்சிபுரத்தில் போர்டு எழுதிப் பிழைத்தவர். அரிசி மண்டி, பட்டு ஜவுளிக்கடை, கட்சிக் கூட்டம், எதுவானாலும் எழுதுவார். மாகறலில் ரோட்டோரம் இருந்த ஒரு பஞ்சர் கடையின் மரக்கதவில் எனாமல் பெயின்ட்டில் அவர் போட்ட படம்தான் நான் பார்த்த முதல் ரேஸ் கார். மட்கார்டு கிடையாது. நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நடுவில் ஓர் ஆளின் தலை மட்டும்.

"மேல் மூடியெல்லாம் யாராவது திருடிட்டாங்களா மாமா?"

"டேய், இதுக்கு அவ்வளவுதான் உடம்பே. சோழவரத்துல பார்த்தேன்."

சோழவரம் என்றால் மெட்ராஸுக்கு வடக்கே, கல்கத்தா ரோட்டில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத்துக்காகப் போட்ட ஓடுபாதை. விமானங்கள் போன பிறகு கார்கள் வந்தன. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருஷாவருஷம் அங்கே பந்தயம் நடத்திற்று. மாமா பஸ் மாறி மாறிப் போய், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துவிட்டு வருவார். 80களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரை அங்கே கொண்டுவந்து ஓட்டினார். மாமா பார்த்தது அந்தக் காரா, வேறு ஏதாவதா, கடைசிவரை பிடி கொடுக்கவில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் காரின் நிறம் மாறும்.

மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு அங்கே பழைய இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகைகளை எடைக்கு வாங்கி வருவார். படிக்க அல்ல, படத்துக்காக. கார்டன் கிராஸ்பி என்பவர் ஆட்டோகார் பத்திரிகைக்காகப் பல பத்தாண்டுகள் வரைந்தவர். ஜாகுவார் காரின் மூக்கில் பாயும் சிறுத்தையும் அவர் கைவேலைதான். மொனாக்கோ பந்தயத்துக்கு 1930களில் ஜியோ ஹாம் போட்ட போஸ்டர்களில் காரைவிட அது வளைவில் சாய்கிற சாய்வுதான் முதலில் கண்ணில் படும். இந்தப் பெயர்களெல்லாம் நான் பிற்பாடு தேடித் தெரிந்துகொண்டவை. மாமாவுக்கு அவர்கள் 'கரிக்காரன்', 'சாய்வுக்காரன்', அவ்வளவுதான்.

ஆதிப் பந்தயங்களை வரைந்தவர்களுக்குப் புழுதி என்று ஒரு வரம் இருந்தது. 1903இல் பாரிஸிலிருந்து மாட்ரிட்டுக்கு ஓடிய பந்தயத்தில் முன்னால் போகிறவன் கிளப்பிய புழுதியில் பாதை தெரியாமல், மர உச்சிகளைப் பார்த்து ஓட்டினார்களாம். சாவுகள் மிகுந்து போர்டோவிலேயே பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள். ஓவியனுக்கு மட்டும் அந்தப் புழுதி லாபம்: காருக்குப் பின்னால் நாலு இழுப்பு இழுத்தால் வேகம் வந்துவிடும். ரோட்டுக்குத் தார் போட்டதும் அது போயிற்று. அதற்கப்புறம் மழைப் பந்தயங்களுக்குக் காத்திருந்தார்கள்; பின்சக்கரம் வாரி எறியும் தண்ணீர் புழுதியின் வேலையைச் செய்தது.

சக்கரத்தைச் சாய்த்தது யார் என்றால் ஒரு பையன், அதுவும் தெரியாமல். பிரான்ஸில் லார்டீக் என்ற இளைஞர், முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு, ஒரு பந்தயக் காரைப் படம் பிடித்தார். அந்தக் காலக் கேமராவில் ஷட்டரின் பிளவு தகட்டின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஊர்ந்து போகும். அது போய்ச் சேர்வதற்குள் கார் நகர்ந்துவிட, சக்கரம் முட்டையாக நீண்டு முன்னால் சாய்ந்தது. காரைத் தொடர்ந்து கேமராவையும் திருப்பியதால் ரோட்டோரம் நின்றவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். கெட்டுப்போன படம் என்று அவர் ஒதுக்கி வைத்தார். 1963இல் நியூயார்க் நவீன கலைக் காட்சியகத்தில் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்த பிறகு அது உலகப் புகழ் பெற்றது. பஞ்சர் கடைக் கதவிலும் சக்கரம் முட்டைதான். லார்டீக் பெயரே கேள்விப்படாத மாமாவுக்கு அந்தச் சாய்வு எத்தனை கைமாறி வந்ததோ.

அவரிடம் கேட்டிருந்தால் மாகறலீஸ்வரரைக் கைகாட்டியிருப்பார். எங்கள் ஊர்ச் சுவாமி சம்பந்தர் பாடியவர், செய்யாற்றங்கரைக் கோயில். பொன் உடும்பு ஒன்று ஓட, ராஜா துரத்த, அது புற்றுக்குள் புகுந்துகொள்ள, வால் மட்டும் வெளியே நின்றது என்பது தல புராணம். லிங்கம் உடும்பு வால் வடிவம். "ஓடுறதைப் போடணும்னா வாலைப் போடுடா, உடம்பு தானா வரும்" என்று மாமா சொன்னது சாமி பேச்சா தொழில் பேச்சா என்று அப்போது பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இப்போதும் பிரிக்க மாட்டேன். திரிபுரம் எரிக்கக் கிளம்பிய சிவனுக்கே, பிள்ளையாரைக் கும்பிடாததால், அச்சிறுபாக்கத்தில் தேர் அச்சு முறிந்தது. சோழவரத்தில் அச்சு முறிந்து நின்ற காரைப் பார்த்தும் மாமா அதையேதான் விசாரித்தாராம்: "தேங்காய் உடைச்சீங்களா?"

அவருக்குப் பிடிக்காமல் போயிருக்க வேண்டிய ஒன்று, ரொம்பப் பிடித்துப்போனது. ஒரு காலத்தில் கார்களுக்கு நாட்டு நிறம்தான்: இங்கிலாந்துக்குப் பச்சை, இத்தாலிக்குச் சிவப்பு, பிரான்ஸுக்கு நீலம். 1968இல் லோட்டஸ் கார் ஒரு சிகரெட்டின் சிவப்பையும் பொன்னையும் பூசிக்கொண்டு வந்தது. அப்புறம் ஒவ்வொரு காரும் விளம்பரப் பலகை. ஓவியர்கள் பலருக்கு அது எரிச்சல். காரை வரைவதா, எழுத்தை வரைவதா? "காருக்கே போர்டு எழுதிட்டான் பார்" என்று மாமா மட்டும் தொடையைத் தட்டினார். மைக்கேல் டர்னர் போன்றவர்கள் அந்த எழுத்தையும் சேர்த்தே வரைந்தார்கள். மெக்லாரன் அணியின் முதல் கிவிப் பறவைச் சின்னத்தைப் போட்டுக் கொடுத்தவரும் டர்னர்தான்.

1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தடம் வந்ததும் சோழவரத்தின் கதை முடிந்தது. கோயம்புத்தூர் கரிவர்தன் மாருதி எஞ்சினை வைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்கள் அந்தத் தடத்தில் ஓடின. நாராயண் கார்த்திகேயன் முதல் பந்தயம் ஓட்டியதும் அதில்தான். 2024இல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் ஃபார்முலா 4 ஓடியது. ஆயிரம் செல்போன் படம் எடுத்தார்கள். துணியில் வரைந்து மாட்ட ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மெட்ராஸ்காரர்கள் இதில் கஞ்சர்கள்.

நான் அச்சாரம் கொடுப்பதானால் 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ் கேட்பேன். மிஷலின் டயர் நம்பத்தகாதது என்று பதினான்கு கார்கள் முதல் சுற்றுக்கு முன்பே ஒதுங்கிவிட, ஆறே கார்கள் ஓடின. கூட்டம் கூச்சல் போட்டது, பாட்டில் எறிந்தது. மஞ்சள் ஜோர்டனில் நாராயண் நாலாவது, ஐந்து புள்ளி. வழக்கமாக ஓவியர்கள் முட்டி மோதும் தொடக்கத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே புழுதி கிடையாது, மழை கிடையாது, பின்னால் இரண்டே மினார்டிகள். இந்தக் காருக்கு எங்கிருந்து வால் போடுவது என்று யோசிக்கிற ஓவியர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.