கத்திமேல் போட்ட பழி

ஒருவர் தொழில் செய்து பிழைத்த சவரக்கத்தியை நான் கெடுத்தேன். கெடுத்ததோடு விட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. பழியைக் கத்தியின் மேலேயே போட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

கத்தி எங்கள் தெருவில் சலூன் வைத்திருந்த அண்ணாச்சியுடையது. சோலிங்கன் முத்திரை குத்திய ஜெர்மன் எஃகு. எய்ட்ஸ் பயம் பரவி, ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் பழக்கம் வந்த பிறகு அது பெட்டிக்குள் போய்விட்டது. மடக்குக்கத்தியால் சவரம் செய்துகொள்ளும் ஆசை எனக்கு வந்து கேட்டபோது உடனே எடுத்துக் கொடுத்தார். “வாய் லேசா மந்தமா இருக்கு தம்பி, பார்த்துத் தீட்டிக்கோ” என்றார். எந்தக் கல்லில் தீட்டுவது என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் ஒரு கார்போரண்டம் கல் கிடந்தது. தச்சர்கள் உளி தீட்டுவது. நெடுநாள் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. கல் என்றால் கல்தானே என்று அதில் அழுத்தித் தேய்த்தேன். சவரக்கத்தியை அப்படித் தேய்க்கக் கூடாது. அதன் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும். வாயின் கோணத்தைத் தீர்மானிப்பதே முதுகின் தடிமன்தான். கத்தியின் கனமே போதும், கையின் பலம் தேவையில்லை. நான் அழுத்திய அழுத்தில் முதுகு ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தட்டையாகிப் பளபளத்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் வாய் நெடுகப் பொடிப்பொடியாக உதிர்ந்த பற்கள்.

பயந்துபோய்ப் பணத்தால் சரிசெய்யப் பார்த்தேன். பன்னிரண்டாயிரம் நம்பர் ஜப்பானியத் தண்ணீர்க்கல் ஒன்றை வரவழைத்தேன். நம்பர் கூடக்கூடக் கூர்மையும் கூடும் என்று நினைத்தேன். அந்தக் கல் மெருகேற்ற மட்டுமே. உதிர்ந்த வாய்க்கு முதலில் வேண்டியது ஆயிரம் நம்பர் கல். இரண்டு சரிவுகளும் குதியிலிருந்து நுனிவரை ஒரே கோட்டில் சந்திக்கும்வரை அதில் ஓட்ட வேண்டும். பிறகு நாலாயிரம், எட்டாயிரம், கடைசியில்தான் பன்னிரண்டாயிரம். அடித்தளம் இல்லாமல் மெருகு போட்டதில் என் கத்தி கண்ணாடிபோல் மின்னியது, கன்னத்து முடியைப் பிடித்து இழுத்தது.

அவர் கொடுத்தபோது அந்தக் கத்திக்கு ஆயிரமும் வேண்டாம், நாலாயிரமும் வேண்டாம். லேசான மந்தம்தான். அதற்கு நைசான கல் ஒன்றில் சில ஓட்டு, பிறகு தோல்வார், அவ்வளவே. கல்லில் வாய் முன்னால் போகும், வாரில் முதுகு முன்னால் போகும். நல்ல நிலையில் இருக்கும் கத்தியைப் பேணுகிறவருக்கு நான் இன்று சொல்வது, ஒரே ஒரு மெருகுக்கல் வாங்கினால் போதும் என்பதே. பெல்ஜியத்தின் ஆர்டென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கும் கோட்டிக்யூல் என்ற மஞ்சள் கல் எனக்கு மிகவும் பிடித்தது. அதனுள் இருக்கும் நுண்ணிய கார்னெட் மணிகள்தான் எஃகை அரிக்கின்றன. சிறு கல்லால் உரசிப் பால் எழுப்பினால் வேகமாக அரிக்கும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்தால் மெருகிடும். எந்தக் கல்லானாலும் தட்டையாக இருக்க வேண்டும். மேலே பென்சிலால் கட்டம் போட்டு, கண்ணாடிப் பலகைமேல் விரித்த ஈர உப்புத்தாளில் தேய்த்துப் பாருங்கள். கோடு அழியாத இடம் பள்ளம். அந்தக் கார்போரண்டம் கல்லில் இதைச் செய்து பார்த்திருந்தால் கத்தியை அதன் பக்கமே கொண்டுபோயிருக்க மாட்டேன்.

திருப்பிக் கொடுக்கும்போது, “எஃகு பழசாயிட்டு அண்ணாச்சி, கூர் நிக்க மாட்டேங்குது” என்றேன். அவர் கத்தியை விரித்து முதுகில் விரலை ஓட்டினார். அந்தத் தட்டையான இடத்தில் விரல் நின்றது. “பழசுதானே தம்பி” என்று மடக்கி வைத்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கத்தி பிடித்த விரல் அது. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆரம்பத்திலேயே அவரிடம் ஏன் கேட்கவில்லை? நாலு புத்தகம் படித்தவன், விலை கொடுத்துக் கல் வாங்கக்கூடியவன் என்ற எண்ணம். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. சலூன்காரரிடம் முடிவெட்டிக்கொள்ளலாம், பாடம் கேட்பதா என்ற மேட்டிமை. அது எனக்குள் எங்கிருந்து வந்தது என்று ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர் நாலு வீடு தள்ளி இருக்க, அவருடைய கத்தியையே அவருக்குத் தெரியாத பொருள்போல நடத்தினேன்.

அந்தக் கத்தியை இன்னமும் மீட்கலாம். தேய்ந்த முதுகின் மேல் ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இழந்த கோணம் பெருமளவு திரும்பிவிடும். ஆயிரம் நம்பரிலிருந்து பொறுமையாகத் தொடங்கினால் பற்கள் போய்விடும். கல் என்னிடம் இருக்கிறது. ஆனால் கத்தியை மறுபடி கேட்க வேண்டுமென்றால் நடந்ததை அண்ணாச்சியிடம் சொல்லியாக வேண்டும். இதை எழுதும்வரை சொல்லவில்லை.