அஸீஸி நகரில் ஓர் அந்திப்பொழுது

என் மகளும் மருமகனும் இத்தாலி நாட்டின் பெருஜா நகரில் வாழ்கின்றனர். ஒரு டிசம்பரில் அவர்களோடு தங்கியிருந்தபோது, பேத்தியின் பள்ளியிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. ஈஸா நபி (அலை) அவர்களின் பிறப்பைக் குழந்தைகள் நாடகமாக நடிக்க இருப்பதாகவும், அவளுக்கு ஆடு மேய்க்கும் சிறுமியின் வேடம் என்றும் அதில் கண்டிருந்தது. "என்ன செய்யலாம், அத்தா?" என்று மகள் கேட்டாள். "நமக்கு எதற்கு அது?" என்று சுருக்கமாக முடித்துவிட்டேன்.

பேத்தியின் முகம் வாடிற்று. அவளைத் தேற்ற எண்ணியோ என்னவோ, மறுநாள் மகள் எங்களை அஸீஸிக்கு அழைத்துச் சென்றாள். சுபாசியோ மலைச்சரிவில், அம்மலையின் வெளிர்சிவப்புக் கல்லைக் கொண்டே எழுப்பிய பழம்பெரும் ஊர் அது. துறவி பிரான்சிஸ் பிறந்ததும் அடக்கமானதும் அங்கேதான்.

டிசம்பர் மாதத்தில் அவ்வூர் வீதிகளில் 'பிரசேபே' எனும் பிறப்புக் காட்சிகளை அமைக்கின்றனர். பாசியாலும் தக்கைப் பட்டையாலும் ஆன குன்றுகள். சுட்ட மண்ணால் செய்த ரொட்டிக்காரனும், கொல்லனும், துணி வெளுப்பவளும். நடுவே சலசலக்கும் சிற்றோடை. உருவங்களை அணுகத் தயங்கி நான் சற்று எட்டியே நின்றேன்.

இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர் பிரான்சிஸே என்பர். 1223ஆம் ஆண்டு, கிரேச்சோ எனும் சிற்றூரில், வைக்கோல் பரப்பிய தீவனத் தொட்டியொன்றை வைத்து, உயிருள்ள காளையையும் கழுதையையும் அருகே நிறுத்தி, அந்த இரவை மக்களுக்கு நினைவூட்டினார். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1219இல், சிலுவைப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், படைக்கலம் ஏதுமின்றி எகிப்தின் சுல்தான் அல்-மலிக் அல்-காமிலின் பாசறைக்குச் சென்றவரும் இவரே. சுல்தானும் அவரைக் கண்ணியமாக நடத்தித் திருப்பி அனுப்பினார். இருவரும் தத்தம் மார்க்கத்தை விட்டு நகரவில்லை. ஒருவரையொருவர் இழிவு செய்யவுமில்லை.

"நன்னா, தொட்டியில் குழந்தையைக் காணோமே!" என்று பேத்தி கூவினாள். காட்சிக்குப் பாசி ஒட்டிக்கொண்டிருந்த முதியவர் நிமிர்ந்து புன்னகைத்தார். 24ஆம் நாள் நள்ளிரவில்தான் குழந்தையை வைப்பார்களாம். அதுவரை தொட்டி வெறுமையாகவே இருக்குமாம். பிறகு அவர் என்னைப் பார்த்து, "உங்கள் வேதத்தில் இந்த வரலாறு உண்டா?" என்று வினவினார். மகள் மொழிபெயர்த்தாள்.

"உண்டு. ஓர் அத்தியாயமே அந்த அன்னையின் பெயரால் வழங்குகிறது" என்று தொடங்கினேன். தன்னந்தனியாக மர்யம் (அலை) பேரீச்ச மரத்தடியை அடைந்ததையும், வேதனை தாளாமல் இதற்குமுன்பே இறந்திருக்கலாகாதா என்று ஏங்கியதையும், கவலற்க என்றொரு குரல் தேற்றியதையும், காலடியில் நீரோடை தோன்றியதையும், மரத்தை உலுக்கக் கனிந்த பழங்கள் உதிர்ந்ததையும் சொன்னேன். "ஆயினும் நாங்கள் அவரை இறைவனின் தூதர் என்போம், மகன் என்று சொல்வதில்லை" என்பதையும் மறைக்கவில்லை. முதியவர் தலையசைத்தார். தம் காட்சியின் மூலையில் நின்ற சிறு பேரீச்ச மரத்தைச் சுட்டிக் காட்டினார், வேறொன்றும் பேசவில்லை.

திரும்பும் இரயிலில் பேத்தி அந்த வரலாற்றை மீண்டும் கேட்டாள். தொட்டில் குழந்தை பேசிய இடம்வரை விரிவாகச் சொல்லி முடித்தேன். எதிரே அமர்ந்திருந்த மகள் மெல்லச் சொன்னாள்: "இதையெல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னதே இல்லையே, அத்தா."

என்னால் மறுமொழி கூற இயலவில்லை. ஓதக் கற்றுக்கொடுக்க ஆள் வைத்தேன்; ஓதியதன் பொருளை அருகமர்த்திச் சொல்ல எனக்கு நேரம் இருந்ததில்லை. விலக்குவதற்கு மட்டும் விரைந்து வந்திருக்கிறேன். நம்முடையது இன்னதென்று அறிந்த பிள்ளை பிறருடையதைக் கண்டு மருளாது, மயங்கவும் செய்யாது. அறியாத பிள்ளையை எந்தத் தடை காக்கும்?

பேத்தி நடிப்பதா வேண்டாமா என்பதை அவளுடைய பெற்றோர்க்கே விட்டுவிட்டேன். "நமக்கு எதற்கு அது?" என்ற என் சொல்லை மட்டும், அன்றிரவே மகளிடம் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.